ஈதலும் ஏற்றலும்

தோற்றுவாய்

கொடுத்தல் எளிது, கொள்ளுதல் அரிது என்று ஒருவர் கூறுவாராயின் கேட்போர் நகைப்பர். உலகிற் கொடுப்போர் சிலராகவும் கொள்வோர் பலராகவும் இருத்தலை நாள்தோறும் காண்கின்றோமன்றோ? ஆயினும் தன்மானம் உடைய ஒருவனை அணுகி, "உனக்குற்ற குறையைப் பிறர் தீர்க்க இசைவாயா?" என்று வினவிப் பார்ப்போமாயின், அவன் முகம் வாடுதலையும் சொல் தடுமாறுதலையும் காண்போம். பிறர்க்கு உதவுதலைப் பற்றி நம் ஆலயங்களிற் கேட்ட பிரசங்கங்கள் பல. பிறர் உதவியை ஏற்கும் முறையைப் பற்றிக் கேட்டவை மிகச் சில. கிறிஸ்தவ வாழ்வுக்கு இவ்விரண்டும் இரு கண்கள் போல்வன என்பதும், ஏற்கக் கல்லாதவன் ஈகையும் குறைபாடுடையது என்பதும் ஈண்டு ஆராயப்புகுந்த பொருள்களாம்.

இப்பொருளை யான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதலே நேர்மை.

யான் பிறந்த ஊர் காடாம்புலியூர். பண்ணுருட்டியிலிருந்து வடலூர் நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்தது. நெய்வேலியும் அணித்தே உள்ளது. செம்மண் நிலமாதலின் முந்திரியும் பலாவும் செழித்து வளரும். என் பாட்டனார் வைத்த பலாமரங்கள் மூன்று எங்கள் கொல்லையில் நின்றன. ஆண்டுதோறும் முதற்பழம் ஆலயத்துக்கும், அடுத்தது அண்டை வீட்டார்க்கும், அதன் பின்னரே ஏனையவை சந்தைக்கும் செல்லுதல் எங்கள் குடி வழக்கம்.

2011 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் காலையில் 'தானே' என்னும் புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்ணுருட்டிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து வீழ்ந்தன. தென்னாட்டு மாநிலங்கட்கு மின்னாற்றல் வழங்கும் நெய்வேலியைச் சூழ்ந்த ஊர்களே பல நாள் இருளிற் கிடந்தன. பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரியப் பணியாளர் திரளாக வந்து கம்பம் நட்டுக் கம்பி இழுத்த பின்னரே அவ்வூர்களில் விளக்கு எரிந்தது.

அப்பொழுது எனக்கு அகவை ஐந்து. கண்டது பாதியும் கேட்டது பாதியுமாக அந்நாட்கள் என் நெஞ்சில் நிற்கின்றன. புத்தாண்டு பிறந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வேறோர் ஊர்ச் சபையின் வாலிபர் சிலர் ஒரு சிறு வண்டியில் அரிசி மூட்டைகளும் போர்வைகளும் தார்ப்பாய்களும் கொணர்ந்து எங்கள் தெருவில் இறக்கினர். என் தந்தையார் வாயிலில் நின்றவாறே, "நாங்கள் கொடுத்துப் பழகியவர்கள், இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்" என்று கூறி மறுத்துவிட்டார். அன்று எங்கள் வீட்டுப் பானையில் ஒரு வேளைக்குரிய அரிசியே இருந்ததென்பது பின்னர் என் தாயார் கூறக் கேட்டது. வாலிபர்கள் திரும்ப முற்படுகையில், உள்ளிருந்த பாட்டியார் வெளியே வந்து, "ஏனப்பா, இத்தனை காலம் நம்மிடம் பழம் வாங்கிப் போனவர்கள் எல்லாரும் நம்மைவிடத் தாழ்ந்தவர்கள் என்றா எண்ணியிருந்தாய்?" என்று தந்தையாரை வினவினார். தந்தையார் விடை கூறவில்லை. பாட்டியார் ஒரு மூட்டையை வாங்கி, அதிலிருந்தே அரிசி எடுத்துக் கஞ்சி காய்ச்சி, கொண்டுவந்த வாலிபர்களைத் திண்ணையில் அமர்த்தி உண்பித்த பின்னரே அனுப்பினார்.

ஆண்டுகள் கழிந்தன. 2024 இல் இக்கல்லூரியில் யான் சேர்ந்தபோது, அவ்வாண்டு முந்திரி விளைச்சல் பொய்த்தமையாற் கட்டணம் முழுவதும் செலுத்த இயலாது நின்றேன். முன்னாள் மாணவர் ஒருவர், தம் பெயரை எனக்கு அறிவிக்க வேண்டாவென்று கூறி, குறைந்த தொகையைச் செலுத்தினார். "அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதித் தருக, யாம் சேர்ப்பிப்போம்" என்று ஆசிரியர் பணித்தனர். இரண்டு திங்கள் யான் எழுதவில்லை. தமிழ் பயிலும் மாணவனுக்குச் சொல்லா கிடையாது? எழுத அமரும்போதெல்லாம் தந்தையாரின் குரலே என் காதில் ஒலித்தது: 'நாங்கள் கொடுத்துப் பழகியவர்கள்.' பாட்டியாரின் வினாவுக்கு அவர் கூறாதுவிட்ட விடையை யான் தேடவேண்டியதாயிற்று. அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

தமிழ்ச் சான்றோர் கருத்து

தந்தையார் மறுத்தது அவர் ஒருவர் குணமன்று. அதற்குப் பின் ஈராயிரம் ஆண்டுத் தமிழ்மரபு நிற்கின்றது. புறநானூற்றின் 204 ஆம் பாட்டில், வல்வில் ஓரியை நோக்கிக் கழைதின் யானையார் என்னும் புலவர் நான்கு நிலைகளை வகுத்துக் காட்டுகின்றார். தா என்று கேட்டல் இழிவு. கேட்டவனுக்கு இல்லையென்றல் அதனினும் இழிவு. வலிந்து கொடுத்தல் உயர்வு. கொடுப்பதை வேண்டேனென்று விடுதல் அதனினும் உயர்வு. இதுவே அவர் கருத்து. இரப்பவரே இதனைக் கூறினாராதலின் இதன் வன்மை மிகுகின்றது. திருவள்ளுவரும் 'இரவச்சம்' என ஓர் அதிகாரம் வகுத்து, மகிழ்ந்து கொடுப்பாரிடத்தும் சென்று இரவாமையே சிறப்பென்று நிறுவினார்.

இவற்றை மட்டும் நோக்கின், கொள்ளாமையே தமிழறம் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆயின் நம் நூல்கள் இவ்வளவில் நிற்கவில்லை. வள்ளுவர் 'இரவச்சம்' கூறுதற்கு முன்னரே 'இரவு' என ஓர் அதிகாரம் வைத்து, ஒளிக்கும் நெஞ்சில்லாரிடத்துக் கேட்டலில் இழிவில்லை என்று காட்டுகின்றார். அன்றியும், அறத்துப்பாலின் வைப்புமுறையை உற்று நோக்குக. செய்ந்நன்றியறிதல் 11 ஆம் அதிகாரம். ஒப்புரவறிதல் 22 ஆவது. ஈகை 23 ஆவது. கொடையை ஏற்றவனாலன்றி நன்றியறிதல் நிகழாது. ஆகவே கொடுப்பவனாதற்கு முன்னர் நாம் ஒவ்வொருவரும் பெற்றவர்களாயிருக்கின்றோம் என்பது இம்முறையாற் புலனாகின்றதென யான் கருதுகின்றேன்.

ஒப்புரவாளன் செல்வத்தை ஊரினுள்ளே கனி தாங்கி நிற்கும் மரத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். எங்கள் ஊரார்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. ஆயின் புயலடித்த அன்று எழுந்த வினா ஒன்று உண்டு: அம்மரமே வேரோடு சாய்ந்தால் என் செய்வது? நேற்று வரை கனி தந்தமையால் இன்று நீர் வேண்டேன் என்று ஒரு மரம் கூறுமோ?

இனிப் பெற்றவர் நாணாது நிற்றற்கு ஓர் இலக்கிய வகையே நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியில் தன்னைப்போன்ற வறியவன் ஒருவனைக் கண்டு, தான் பெற்றதை மறையாது கூறி, அவ்வள்ளல்பாற் செல்லும் வழியைக் காட்டுதலே ஆற்றுப்படை. அவற்றுள் சிறுபாணாற்றுப்படை எங்கள் பகுதிக்கு அணித்தாகிய ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அவனுக்குரிய கிடங்கில் இன்றைத் திண்டிவனத்தை ஒட்டியது. பெற்றவன் பெற்றதைக் கொடுத்தவனுக்கே திருப்பித் தரவில்லை. பெறாதவனுக்கு வழியாகத் தந்தான். ஏற்றல் இழிவாகாது ஒழியும் நெறி இஃதே என்பதைப் பின்னரும் காண்போம்.

சமயச் சான்றோர் வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சி எங்கள் பக்கத்தது. பண்ணுருட்டிக்கு அண்மையிலுள்ள திருவாமூரிற் பிறந்த திருநாவுக்கரசர், சமணப் பள்ளியிற் கற்று, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்தார். சூலை நோய் வருத்தியபோது, திருவதிகையில் எளிய திருப்பணி செய்துகொண்டிருந்த தமக்கையார் திலகவதியாரை இரவிலே நாடிவந்து அவர் உதவியை ஏற்றார் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. நோயினும் வலிய தடை ஒன்றை அவர் அன்று கடந்திருத்தல் வேண்டும். தலைவராயிருந்தவர், தாம் விட்டு நீங்கிய நெறியில் நிற்கும் தமக்கையின் முன் கைந்நீட்டினார். சமயம் வேறாயினும் இந்நெஞ்சின் தாழ்மையை நாம் மதியாதிருக்க இயலாது.

வேதம் காட்டும் நெறி

இனி வேதாகமத்தை நோக்குவோம். நம் கர்த்தர் கொடுப்பவராகவே இவ்வுலகில் வந்தார் என்று பேசுகின்றோம். அவர் எத்துணை ஏற்றார் என்பதை எண்ணுகின்றோமில்லை. பிறந்தபோது கிடத்தப்பட்ட முன்னணை பிறருடையது. ஜனங்களுக்குப் போதிக்க ஏறிய படகு சீமோனுடையது. எருசலேமுக்குள் ஏறிச்சென்ற கழுதைக்குட்டி இரவலாகப் பெற்றது. கடைசிப் பஸ்கா உண்ட மேல்வீடு ஒருவர் அளித்தது. அடக்கம் செய்யப்பட்ட கல்லறை அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பினுடையது. மகதலேனா மரியாளும், கூசாவின் மனைவியாகிய யோவன்னாளும், சூசன்னாளும் வேறு பல ஸ்திரீகளும் தங்கள் ஆஸ்திகளால் அவருக்கு ஊழியஞ்செய்தனர் என்று லூக்கா எழுதுகின்றார். சீகார் ஊர்க் கிணற்றண்டையில், யூதர் கலவாத சமாரியர் குலத்துப் பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். ஜீவதண்ணீரைக் கொடுக்க வந்தவர் முதலில் கிணற்றுநீரைக் கேட்டதன் கருத்து யாது? தன்னிடமும் கொடுத்தற்கு ஒன்று உண்டென்று அவள் அறிந்த பின்னரே அவளுடன் அவர் சமமாகப் பேச இடமுண்டாயிற்று. சிலுவை சுமந்து சோர்ந்தபோது சிரேனே ஊரானாகிய சீமோன் அதனைச் சுமந்தான்.

ஏற்க மறுத்த ஒருவனையும் சுவிசேஷம் காட்டுகின்றது. கர்த்தர் சீஷருடைய கால்களைக் கழுவத் தொடங்கியபோது, பேதுரு ஒருக்காலும் இசையேனென்றான். அது தாழ்மைபோல் தோன்றிற்று. ஆயின் கர்த்தர், தாம் கழுவாவிடின் அவனுக்குத் தம்மிடத்திற் பங்கில்லை என்று உறுதிபடக் கூறினார். பேதுருவின் மறுப்பில் மறைந்திருந்தது யாது? கொடுப்பவர் மேல், கொள்பவர் கீழ் என்னும் அளவுகோலே. அவ்வளவுகோலை முறிக்கவே ஆண்டவர் முழங்கால் முடக்கினார். என் தந்தையாரும் யானும் பேதுருவின் வரிசையில் நின்றோம் என்பதை இப்பகுதியை வாசிக்கையில் உணர்ந்தேன்.

நல்ல சமாரியன் உவமையையும் நாம் எப்போதும் சமாரியன் பக்கத்தில் நின்றே வாசிக்கின்றோம். எரிகோவுக்குச் செல்லும் வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவன் பக்கத்தில் நின்று ஒருமுறை வாசித்துப் பார்மின். தன்னைத் தூக்கும் கை, தான் தீண்டவும் விரும்பாத குலத்தவன் கை. அக்கையைத் தள்ளாமையே அன்று அவன் செய்யக்கூடிய அறமாக இருந்தது.

அப்போஸ்தலனாகிய பவுலின் நிருபங்களில் இப்பொருள் இன்னும் விளக்கமாக உள்ளது. கிலவுதியு இராயன் காலத்துப் பஞ்சத்தின்போது, அந்தியோகியாவின் சீஷர் யூதேயாவிலுள்ள சகோதரர்க்குப் பர்னபா, சவுல் என்பார் கையில் உதவி அனுப்பினர். பின்னர் மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகளிலும் எருசலேமின் ஏழைகளுக்கெனப் பவுல் தருமப்பணம் சேர்த்தார். மக்கெதோனியர் தாமே வறியராயிருந்தும் இப்பணியிற் பங்குபெற வேண்டுமென்று மன்றாடினர் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திற் காண்கின்றோம். ஒருவருடைய மிகுதி மற்றவர் குறைவை நிரப்புக. பிறிதொரு காலத்தில் அவர் மிகுதி இவர் குறைவை நிரப்பும். இவ்வாறு சமநிலை உண்டாகுக என்பதே அவர் நோக்கம்.

ஆயின் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் நாம் விரைந்து கடந்துசெல்லும் ஒரு வேண்டுகோள் உள்ளது. எருசலேமுக்குத் தாம் கொண்டுசெல்லும் உதவி அங்குள்ள பரிசுத்தவான்களுக்கு ஏற்புடையதாகும்படி ஜெபிக்கவேண்டுமென்று பவுல் கேட்கின்றார். இஃதென்ன புதுமை! கொடுப்பதற்குப் பொருள் சேர்ந்துவிட்டது, வறியவரோ காத்திருக்கின்றனர், இனி அச்சம் எதற்கு? புறஜாதியார் பணத்தை யூதக் கிறிஸ்தவர் ஏற்பரோ மறுப்பரோ என்பதே அவ்வச்சம். அவர்கள் ஏற்றால் இரு திறத்தாரும் ஒரே குடும்பமாவர். மறுத்தால் சபை இரண்டாகும். ஆகவே ஏற்றலும் ஓர் ஊழியம் என்பதும், திருச்சபையின் ஒருமைப்பாடு சில வேளைகளிற் கொடுப்பவர் கையிலன்று, கொள்பவர் கையிலேயே உள்ளதென்பதும் இதனாற் பெறப்படும்.

இருவகைப் பாரம்

அற்றேல், யார் எதனைக் கொடுப்பினும் கைந்நீட்டி வாங்குதல் தகுமோ எனின், தகாது. சோம்பியிருந்து பிறர் உழைப்பில் உண்பதைப் பவுல் கண்டித்துள்ளார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கவேண்டுமென்று இரண்டாம் வசனத்திற் கூறியவர், அவரவர் பாரத்தை அவரவரே சுமக்கவேண்டுமென்று ஐந்தாம் வசனத்திற் கூறுகின்றார். தமிழ் வேதாகமத்தில் இரண்டிடத்தும் பாரம் என்னும் சொல்லே வருதலின், முரண்போலத் தோன்றும். கிரேக்க மூலத்தில் சொற்கள் வெவ்வேறு. முன்னது 'பாரொஸ்', நசுக்கும் பெருஞ்சுமை. பின்னது 'பொர்த்தியோன்', ஒருவன் தோளுக்கு அளவாக அமைந்த சுமை. புயலில் வீழ்ந்த மரத்தை ஒருவனே தூக்க இயலாது. அது முன்னதற்கு எடுத்துக்காட்டு. தன் புத்தகப் பையைத் தானே சுமக்கவேண்டும். அது பின்னதற்கு எடுத்துக்காட்டு. ஒருவன் தன் பாடத்தைப் படியாது பிறன் எழுதியதைப் பார்த்தெழுதுதல் உதவி பெறுதலன்று. தன் சுமையைக் கீழே போடுதலேயாம்.

பவுலின் ஒழுக்கமும் இதற்குச் சான்று. கொரிந்து பட்டணத்தில் அவர் கூடாரத்தொழில் செய்து உண்டு, அச்சபையாரிடம் பொருள் பெறாதிருந்தார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து வாயிலாக அனுப்பியதையோ மகிழ்ந்து ஏற்று, நன்றி நிறைந்த நிருபமும் எழுதினார். ஒரே மனிதர் ஓரிடத்து மறுத்தும் ஓரிடத்து ஏற்றும் ஒழுகினமையின், மறுத்தல் எப்போதும் உயர்வன்று. ஏற்றல் எப்போதும் இழிவன்று. ஏற்பதால் அன்பு வளருமோ, சுவிசேஷத்துக்குத் தடை உண்டாகுமோ என்பதே ஆராயத்தக்கது. கழைதின் யானையார் கூறிய நான்கு நிலைகளோடு ஐந்தாவது ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: அன்பினால் வருவதை அன்பினால் ஏற்றல்.

நம் நாட்டுத் திருச்சபையின் சான்று

நம் தமிழ்த் திருச்சபையின் வரலாறும் இதனையே கற்பிக்கின்றது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் மேனாட்டு மிஷனெரிமாரிடமிருந்து பள்ளியும் மருத்துவமும் பெற்றவர்கள். 1903 ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில், வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலியோர் முயற்சியால் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்நாட்டார் பணத்தாலேயே இந்நாட்டு ஊழியரை அனுப்புவது அதன் நோக்கம். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதி அவர்கள் பணிக்களமாயிற்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுசெல்லும் பிடியரிசிக் காணிக்கை நம் சபைகளில் வழங்கிவரும் நல்வழக்கம். மூட்டையாகப் பெற்றவர் பிடிபிடியாகக் கொடுக்கத் தொடங்கினர். கொடுத்தவர் வேறு, கொள்பவர் வேறு. ஆற்றுப்படை நெறி இதுவன்றோ?

அவ்வசரியாவே 1910 ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டிற் பேசினார். மேனாட்டார் செய்த தியாகங்களை நன்றியோடு போற்றியபின், பொருளுதவியோடு மனமார்ந்த நட்பையும் இந்தியக் கிறிஸ்தவர் வேண்டுகின்றனர் என்று அவர் துணிந்து கூறினார். கேட்டோர் சிலர்க்கு அது கசந்தது. பெற்றுக்கொண்டவன் இவ்வாறு பேசலாமோ என்று எண்ணினர் போலும். ஆயின் அவர் கூறியது நன்றி மறத்தலன்று, நன்றியின் நிறைவு. சமமாக அமர்ந்து உண்ணாத இடத்தில் கொடை எத்துணைப் பெரிதாயினும் அது கடனாகவே நிற்கும். 1912 ஆம் ஆண்டு அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. எங்கள் பாட்டியார் இவ்வரலாற்றை அறியார். ஆயினும் அரிசி கொணர்ந்தவரை அவ்வரிசியாலேயே உண்பித்தபோது அவர் செய்ததும் இதுவே: கொடையை விருந்தாக்கினார், கொடுக்க வந்தவர் விருந்தினராய்த் திரும்பினர்.

ஈவார்க்கும் ஏற்பார்க்கும்

மேற்கூறியவற்றால் தெளியும் சில நெறிகளை ஈண்டுத் தொகுத்துரைப்பாம்.

ஈவார் கருதற்பாலது, ஏற்பவர் முகம் கவிழாதபடி கொடுத்தல். ரூத்தின் வரலாற்றில் போவாஸ் இதனை அறிந்திருந்தான். வறியவளாகிய அந்நியப் பெண்ணுக்கு அவன் தானியத்தை அளந்து கொடுத்திருக்கலாம். அவ்வாறு செய்வதற்கு முன்னர், அறுக்கிறவர்கள் அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிட வேண்டும் என்றும், அவளை அதட்டலாகாது என்றும் கட்டளையிட்டான். அவள் தன் கையால் பொறுக்கினாள்; தன் உழைப்பால் வீடு திரும்பினாள். எங்கள் ஊருக்குத் தெற்கே வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் நிறுவிய சத்திய தருமச்சாலையிலும் இப்பண்பைக் காணலாம். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தவன் யார், எக்குலத்தான் என்று அங்கே வினவுவாரில்லை. பசி ஒன்றே தகுதி. உதவி பெறுவோரை வரிசையில் நிறுத்தி நிழற்படம் எடுத்து வெளியிடுவோர் இவ்விரு இடங்களினின்றும் கற்கத்தக்கது மிகுதி.

ஏற்பார் கருதற்பாலன மூன்று. முதலாவது, தம் குறையை மறையாமை. புயலடித்த ஊரில் ஒருவர் மறுத்தால், அவரினும் வறியவர் கேட்க நாணுவர். ஆகவே மறுப்பவரின் பெருமை பிறர் வயிற்றையும் தாக்கும். இரண்டாவது, தாம் முன்னரும் பெற்றவரே என்பதை நினைத்தல். எங்கள் ஊர்ச் செல்வமாகிய முந்திரியே பிரேசில் நாட்டு மரம். பதினாறாம் நூற்றாண்டிற் போர்ச்சுக்கீசியர் இந்நாட்டுக்குக் கொணர்ந்தது. எவர் கையிலிருந்தோ பெற்ற மரத்தின் கனியையே நாம் கொடுத்துவந்தோம். மூன்றாவது, பெற்றதை முன்னோக்கிச் செலுத்துதல். கொடுத்தவருக்கே திருப்பித் தர முயல்வது கடன் தீர்த்தல். இல்லாதவனுக்குத் தருவது நன்றி.

முடிவுரை

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அதனையொட்டிப் பெய்த பெருமழையால் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களை மூழ்குவித்தது. நீர் வடிந்த பின்னர் என் தந்தையார் ஒரு மூட்டை அரிசியுடன் அவ்வூர்களில் ஒன்றுக்குச் சென்றார் என்று விடுமுறையில் வீடு திரும்பியபோது தாயார் கூறினார். அங்கே சேறு கழுவாத ஒரு வீட்டினர், வாங்கிய கையோடு அடுப்பு மூட்டித் தேநீர் காய்ச்சிக் கொடுக்க, தந்தையார் அவர்கள் திண்ணையில் அமர்ந்து குடித்துவிட்டு வந்தாராம். பாட்டியார் அதற்கு ஈராண்டுக்கு முன்னரே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பதின்மூன்று ஆண்டு கழித்து அவர் வினாவுக்குத் தந்தையார் கூறிய விடை அத்தேநீர்தான் என்று எண்ணுகின்றேன்.

அன்றிரவே யான் அந்நன்றிக் கடிதத்தை எழுதினேன். நீண்ட கடிதமன்று. தங்கள் உதவியால் யான் படிக்கின்றேன் என்பதும், அதனை மறையாது பிறர்க்கும் கூறுவேன் என்பதும், வேலை கிடைத்த ஆண்டில் பெயரறியாத ஒரு மாணவனுக்கு இதனையே செய்வேன் என்பதும் அதிலுள்ள செய்திகள். இக்கட்டுரை அவர் கண்ணிற் படுமாயின், இதுவும் அக்கடிதத்தின் தொடர்ச்சி என்று அவர் கொள்வாராக.

மாணவ நண்பர்காள்! விடுதியில் ஒரு வேளை உணவை விட்டுவிட்டு, பசியில்லை என்று கூறும் தோழர் நம்மிடையே உளர். புத்தகம் வாங்க இயலாது, மறந்துவந்தேன் என்று கூறுவோரும் உளர். அத்தகையோர் இதனைப் படிப்பின், நம் கர்த்தரும் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டார் என்பதை நினைப்பாராக. அவர்க்கு உதவ வாய்ப்புடையோர் இதனைப் படிப்பின், கால் கழுவுவோன் முழங்காலில் நின்றே கழுவவேண்டும் என்பதை நினைப்பாராக. எங்கள் கொல்லையிற் சாய்ந்த மூன்று பலாவுக்கு ஈடாகத் தந்தையார் நட்ட கன்றுகள் இப்பொழுது காய்க்கத் தொடங்கியுள்ளன. வருகிற வைகாசியில் முதற்பழம் ஆலயத்துக்குச் செல்லும். அடுத்தது அண்டை வீட்டுக்கு. அங்கிருந்து எது வரினும் இனி எங்கள் வாயிலில் மறுப்பு இராது.